பலகையில் வரவேண்டிய பெயர்

ஸ்மோலாந்து, சுவீடன்
9 ஜூன் 1974

அன்புத் தம்பி வெர்னருக்கு,

அக்கா எல்விரா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் மூன்று நாளாக ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்த் தேவாலயத்தில் தாத்தா பெயரோடு வைக்கப்போகும் வெண்கலப் பலகையை வார்க்கக் கொடுக்காதே. கொடுத்துவிட்டாயென்றால் உடனே மினியாபொலிசுக்குப் போய் நிறுத்து. மிச்சத்தைப் பிறகு படி.

தேவாலயத்துக்கு நிலம் கொடுத்த தாத்தாவின் பிறந்த தேதியை மட்டும் பார்த்துவிட்டு வா என்றுதானே என்னை அனுப்பினாய்? இங்கே பாதிரியார் பழைய பதிவேட்டை எடுத்துக் காட்டினார். குஸ்தாவ் தானியல்சன் என்ற நம் தாத்தா பெயருக்கு எதிரே 'அமெரிக்கா, 1888' என்று எழுதி, அதை அடித்திருக்கிறார்கள். கடைசியில் இதே ஊரில் 1951-இல் இறந்தார் என்று இருக்கிறது. நம் தாத்தா நம் கண்ணெதிரே 1938-இல் அல்லவா போய்ச் சேர்ந்தார்! அடுத்த வரியில் குஸ்தாவின் தம்பி ஆல்ஃப்ரெட். அவர் இருக்குமிடம் தெரியவில்லையாம்.

அந்தக் குஸ்தாவின் மகன் தூரே இன்னும் அதே பண்ணையில்தான் இருக்கிறார் என்று பாதிரியார் சொன்னார். நமக்குச் சித்தப்பா முறை. நேரே போனேன். மேசை நிறைய ஏழு வகை பிஸ்கட், காபி. இந்த ஊரில் மூன்று தரம் உபசரித்த பிறகுதான் கோப்பையைத் தொட வேண்டுமாம். எனக்கு எங்கே தெரியும்? முதல் தரமே எடுத்துக் குடித்துவிட்டேன். அவர் மனைவி அல்மா சித்தி சும்மா இருப்பாரா? "எடுத்துக்கம்மா, நல்லா எடுத்துக்க. கேக்காம எடுக்கறது உங்க குடும்பத்துக்குப் புதுசா என்ன?" என்றார்.

சித்தப்பா அவரை அதட்டிவிட்டு, தாமே சொன்னார். "எங்கப்பா ஆறு வருஷம் பண்ணைக்கூலியா உழைச்சு டிக்கெட் வாங்கி வெச்சிருந்தாரு. ஊர விட்டுப் போக அவரு பேருல பாதிரியார் குடுத்த பேப்பர் வேற. விடிஞ்சு எந்திரிச்சுப் பாத்தா பேப்பரும் இல்ல, பெட்டியும் இல்ல, தம்பியும் இல்ல. ரெண்டு புள்ளையும் போயிட்டா பெத்தவள யாரு பாக்கறது? சாகற வரைக்கும் இந்த நிலத்துல கல்லு பொறுக்கினாரு."

வெர்னர், ஊரைப் பற்றிக் கேட்டாலே தாத்தா மாட்டைப் பார்க்க எழுந்து போய்விடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? பாவி மனுஷன், நம்மிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அவர் மடியில் வளர்ந்தவள் நான். அவரை நினைத்தால் அழுகையும் வருகிறது, நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலவும் இருக்கிறது.

பலகையைப் பற்றிச் சொன்னதும் சித்தப்பா முகம் சிவந்துவிட்டது. "டிக்கெட் போகட்டும், பெட்டி போகட்டும். எங்கப்பா பேர மட்டும் திருப்பிக் குடுங்க. நடுக்கோடைத் திருநாளுக்குச் சொந்தமெல்லாம் வரும். பேரத் தர்றதுன்னா நீயும் வா. இல்லன்னா இந்தப் படி ஏறாத" என்றார்.

உன்னை எனக்குத் தெரியாதா? 'ஊர் சிரிக்கும், தாத்தாவைத் திருடன் என்பார்கள்' என்று குதிப்பாய். குதி. ஆனால் நிலம் கொடுத்தது ஆல்ஃப்ரெட்தானே? அந்தப் புண்ணியமாவது அவர் சொந்தப் பெயரில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பலகையில் ஆல்ஃப்ரெட் என்றுதான் வரும் என்று எழுதி, கீழே உன் பெயரில் கையெழுத்தும் போட்டுச் சித்தப்பாவிடம் நேற்றே கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு தரம் படித்தார். பிறகு வேலியோரம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார்.

உன்னைக் கேட்காமல் உன் பெயரை எடுத்துக்கொண்டேன். தப்புதான். தாத்தா தன் அண்ணனிடம் கடைசிவரை கேட்காத மன்னிப்பை நான் மறுநாளே உன்னிடம் கேட்கிறேன். சரி என்று ஒரு தந்தி அடித்துவிடு, ராஜா.

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்கவேண்டும்.

உன் பதிலுக்காகத் தவித்துக்கொண்டிருக்கும்
அக்கா எல்விரா