நரம்புப் படிப்புக்குச் சாக்குக் கழிவு எவ்வளவு

ஜூன் 3, செவ்வாய்

காற்று. விடிந்ததிலிருந்து கூரைத் தகரம் தடதடவென்று அடிக்கிறது. காயப்போட்ட துணியைப் பக்கத்து லயத்து வரிசை வீடுகள்வரை போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியவை:
பல்கலைக்கழக விண்ணப்பம், விருப்ப வரிசை (கடைசி நாள் அடுத்த வெள்ளி)
பள்ளி அதிபரின் கையொப்பம்
கோழிக்கூட்டுக் கதவு

கோழிக்கூட்டுக் கதவு மட்டும் முடிந்தது.

எனக்குப் படிக்க ஆசை நரம்பு விஞ்ஞானம். இனிச் சுருக்கமாக ந.வி. மூளையும் நரம்பும் எப்படி வேலை செய்கின்றன என்ற படிப்பு. பல்கலைக்கழகக் கையேட்டை இரண்டு தடவை புரட்டியாயிற்று. என் பரீட்சைப் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியதில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. உயிரியல் விஞ்ஞானம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் எங்கேயாவது ந.வி. இருக்கலாம். யாரைக் கேட்பது?

அப்பா இதைத் தான் வேலை செய்யும் தேயிலை ஃபெக்டரியில் சொல்லிவிட்டார். அப்பாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொல்வதும் ஒன்றுதான். பின்னேரமே பக்கத்துக் காம்பரா வீட்டு மாரியாயி அத்தை முழங்காலோடு வந்துவிட்டார்.

"நரம்பு படிக்கப் போறியாமே. இந்த முட்டியக் கொஞ்சம் பாரு."

"இன்னும் படிக்கவே இல்ல அத்த."

"சும்மா பாக்குறதுக்கு என்னா படிப்பு?"

பார்த்தேன். முட்டிதான்.

ஜூன் 4, புதன்

காற்று அதேதான். இன்று வந்தவர்கள்:

மாரியாயி அத்தை. மறுபடி முட்டி. இந்த முறை மற்றது.
கங்காணி. இடது கண் துடிக்கிறது. நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டுமாம்.
கோயில் பூசாரி. மறதி. எதை மறந்தீர்கள் என்று கேட்டேன். ஞாபகமில்லை.
மேல் லயத்து மாமாவின் ஆடு. தலையைச் சாய்த்துக்கொண்டே நடக்கிறது. "எல்லாருக்கும் மூள ஒன்னுதானே" என்றார் மாமா. கங்காணி முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

மலையில் கொழுந்து கிள்ளிவிட்டு வந்த களைப்போடு அம்மாதான் எல்லோருக்கும் பிளேன்டீ போட்டார். ஒரு டம்ளர் கைநழுவி விழுந்தது. "காத்து" என்றார். கதவு சாத்தியிருந்தது.

ஜூன் 5, வியாழன்

கொழும்பில் வேலை செய்யும் பெரியப்பா மகன் பிரபு அண்ணன் ஃபோனுக்கு ஒரு விளம்பரம் அனுப்பினான். தனியார் கல்லூரி. 'நரம்பு விஞ்ஞானப் பட்டம்' என்று கொட்டை எழுத்தில். படத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் கையில் மூளையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அதைப் பார்த்து எதற்குச் சிரிப்பு என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கோட்டு எனக்கு வேண்டும். இதை வேறு யாரும் வாசிக்கப்போவதில்லை, எழுதிவைக்கிறேன்: ரொம்ப வேண்டும்.

மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு அப்பா வாசலுக்குப் போய் வந்தார். பிறகு, "லெச்சுமிய வித்துறலாம்." லெச்சுமி எங்கள் மாடு. வெளியே அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அம்மா கேட்டது ஒன்றுதான். "அந்தக் காலேஜு மேடம் நம்பர் இருக்கா?"

ஜூன் 7, சனி

மத்தியானம் கல்லூரி மேடத்துக்கு ஃபோன். ஸ்பீக்கரில் போட்டோம். அம்மா தராசுக்கு முன்னால் நிற்பது போல நின்றுகொண்டார். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கிலோவைக் கழிப்பார். அம்மா கலியாணத்துக்கு முன்னாலிருந்தே அந்தத் தராசு முள்ளை முறைத்துப் பார்த்துப் பழகியவர்.

மேடம் இனிமையாக எல்லாம் சொல்லி முடித்தார். தவணையிலும் கட்டலாமாம்.

"சரிங்க மேடம். சாக்குக்கு எவ்வளவு கழிப்பீங்க?"

"என்னதும்மா?" என்றார் மேடம். கோழிக்கூட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

"இல்லங்க, சொன்ன தொகைக்கு மேல வேற என்னென்ன புடிப்பீங்கன்னு கேட்டேன்."

பதிவுக்குத் தனியாம். "அப்புறங்க?" பரீட்சைக்குத் தனி. "அப்புறங்க?" ஆய்வுகூடத்துக்குத் தனி. "ஆய்வுகூடம் இருக்குங்களா?" இந்த வருடம் வருகிறதாம். "அப்புறங்க?" கடைசி வருடம் வெளிநாட்டில் படிக்க வேண்டும், அந்தச் செலவு வேறு.

"போக வசதியில்லைன்னா?"

"டிப்ளோமா குடுப்போம்மா."

"அப்ப கொழுந்து அங்க, சாக்கு மட்டும் இங்க. ரொம்ப நன்றிங்க மேடம்."

அப்பா எழுந்துபோய் லெச்சுமிக்குப் புல் போட்டார். இரண்டு பங்கு.

எனக்கு அம்மா மேல் கோபம். அவர் கேட்டதெல்லாம் சரி என்பதால் இன்னும் கோபம். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றேன். பிறகு பசித்தது. சாப்பிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

எங்கள் பள்ளியில் படித்த நிர்மலா அக்கா இப்போது அரச பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம், மூன்றாம் வருடம். நம்பர் தேடிப் பிடித்தேன். வெட்கத்தை விட்டு அம்மாவின் கேள்விகளையே கேட்டேன்.

கட்டணம் இல்லை. ஹொஸ்டல் கிடைக்கும், உதவிப்பணமும் கிடைக்கலாம்.

"இதுல சாக்குக் கழிவு என்னாக்கா?"

சிரித்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதானே, விளக்கவேண்டியிருக்கவில்லை. "மொத வருசம் பூரா இங்லீஷ்ல கெமிஸ்ட்ரி. அழுவ. நானும் அழுதேன்."

"நரம்பு?"

"மூனாவது வருசம் அதுக்குன்னே ஒரு பாடம் இருக்கு. கரப்பான் கால்ல கம்பிய வச்சி நரம்புல ஓடுற கரண்ட ஸ்கிரீன்ல பாக்குறோம். பட்டத்துல அந்தப் பேரு வராது புள்ள. ஆனா கரப்பான் நெசமான கரப்பான்."

கோட்டு உண்டா என்று கேட்டேன். உண்டாம். அங்கங்கே கறையோடு.

விருப்ப வரிசையில் முதலாவதாக உயிரியல் விஞ்ஞானத்தையே போட்டேன்.

ஜூன் 11, புதன்

காற்று கொஞ்சம் குறைவு. காலையில் அதிபர் கையொப்பமிட்டார். போகும்போது கூப்பிட்டு, கழுத்துப் பிடிப்புக்கு ஏதாவது தெரியுமா என்றார். பஸ் பிடித்துப் பதுளை போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

நான் கரப்பான் படிக்கப் போகிறேன் என்று அதற்குள் அப்பா ஃபெக்டரியில் சொல்லியிருக்கிறார். பின்னேரம் ஒருவரும் வரவில்லை. மாரியாயி அத்தை வாசலைத் தாண்டும்போது முட்டியைச் சேலையால் மூடிக்கொண்டு போனார். ஆடுகூட வரவில்லை.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். வலது கையை என் மடியில் வைத்தார்.

"இந்த மூனு வெரலும் மரத்துப் போவுது. கொழுந்து கிள்ளுறதே தெரிய மாட்டேங்குது. கண்ணால பாத்துத்தான் கிள்ளுறேன்."

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். ஒவ்வொன்றாக அமுக்கினேன். தெரிகிறதா என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன். இல்லை என்றார். இத்தனை நாள் ஆட்டையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

"எப்பருந்தும்மா?"

"நீ பதினொன்னாவதுல ஓ.எல். பரீட்ச எழுதுன வருசத்துலருந்து."

"ஏம்மா சொல்லல?"

"வரிச நீளமா இருந்துச்சி."

நாளை முதல் பஸ். பதுளை ஆஸ்பத்திரி. அம்மா பெரட்டுக்கு வரமாட்டார் என்று அப்பாவிடம் மட்டும் சொன்னேன். இந்நேரம் தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும்.