உங்கள் இருமலைத் துடைத்துவிட்டார்கள்

என்னங்க,

இன்று காலையும் உங்கள் குரல் என்னை மாத்திரை போடச் சொன்னது. சுவரில் மாட்டிய உங்கள் படத்துக்குக் கீழே போன் கிடந்தது, அதற்குள்ளிருந்துதான். நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் எழுந்துபோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். தண்ணீரை விழுங்கிய பிறகு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

முறையாகச் சொல்கிறேன். முதலில் பிள்ளைகள் கதை. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது. சின்னவன் மகள் நர்ஸ் படிப்பை முடித்து வெள்ளை உடுப்புப் போட்டுவிட்டாள். நம் தோட்டத்து லய வீடுகளிலிருந்து அவள்தான் முதல் ஆள். அவள் தம்பி எல்லவில் ஹோட்டல் வேலை, வெள்ளைக்காரர்களை மலை ஏற்றி இறக்குகிறான், பிரெஞ்சு பேசுகிறானாம். மூத்தவன் மகன் உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ. அவன் அக்கா தர்ஷினி எல்லோரையும் தாண்டிவிட்டாள். கொழும்பில் கம்பியூட்டர் கம்பெனி, உட்காரும் நாற்காலி சுழலுமாம். ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவளின் பேத்தி. நாலு பேரும் ஆளுக்கொரு படம் கழுவித் தபாலில் போடுங்கள், சுவரில் இடம் வைத்திருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "போன்ல அனுப்பிட்டோமே அப்பாயி" என்பார்கள். அனுப்பியது மெய்தான். விரல் பட்டால் ஓடிவிடுகிறது. திரும்பத் தேடினால் யாருடைய கல்யாணமோ வருகிறது. இப்போது கேட்பதை நிறுத்திவிட்டேன்.

போன மாதம் உங்கள் திவசம். ரொட்டி, கட்டசம்பல், சாயம் கூடிய பிளேன்டீ, ஒரு சுருட்டு, எல்லாம் படத்துக்கு முன்னால் படைத்தோம். வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றோம். நீங்கள் வந்து சாப்பிட்டு எழும்பும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. மத்தியானம்தான், ஆனாலும் பனி இறங்கி எதிர் லயம் மறைந்திருந்தது.

அப்போது சாத்திய கதவுக்குள்ளே நீங்கள் பேசினீர்கள்.

"சரசு, எல்லாரும் வந்திருக்கீங்களா? எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. நீ ஒடம்பப் பார்த்துக்க."

உங்கள் குரலேதான். மூத்தவன் நின்ற இடத்திலேயே மண்டிபோட்டுவிட்டான். பக்கத்து வீட்டு முனியம்மா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது. நாற்பத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூட நீங்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'புள்ள' என்பதோடு சரி.

தர்ஷினி கதவைத் திறந்து, படத்துக்குப் பின்னாலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். அவள் கண்ணிலும் தண்ணீர். தாத்தா பேசினால் நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாளாம். மூத்தவன் சவூதியில் இருந்தபோது, கடிதத்துக்குப் பதிலாக நாம் பேசி அனுப்பினோமே ஒரு கேசட், அவன் திரும்பி வரும்போது கொண்டுவந்தானே, அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் குரலை எடுத்துப் போனுக்குப் பழக்கியிருக்கிறாள், கேசட்டை என்னிடமே திருப்பித் தந்தாள்.

"நாம எழுதிக் குடுத்தாப் போதும் அப்பாயி. தாத்தா எதையும் பேசுவாரு."

"எதையுமா?"

"எதையும்."

பெண் பார்க்க வந்த வீட்டிலேயே தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன மனிதர் நீங்கள். ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து இறங்கி வந்தால் இருமுவீர்கள், டீ குடிப்பீர்கள், படுப்பீர்கள். அதுதான் பேச்சு.

தர்ஷினி கொழும்புக்குத் திரும்பிவிட்டாள். நீங்கள் எங்கள் வீட்டுப் போனில் தங்கிவிட்டீர்கள். மருமகள் மாத்திரை நேரத்துக்கு உங்களைப் பேசவைத்தாள். மூத்தவன் வேலைக்குப் புறப்படும்போது "போயிட்டு வாடா" என்று சொல்லவைத்தான். தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்களின் கேலி வேறு.

"என்னக்கா, மாமா இன்னிக்கு என்ன சொன்னாரு? எங்க வீட்டாளையும் அப்பிடிப் போன்ல ஏத்தித் தரச் சொல்லுங்க. உசுரோட இருக்கும்போதே."

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணை மூடி, நிஜமான உங்கள் பேச்சை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. "சரசு, மாத்திரை போட்டியா" என்பதுதான் வந்தது. மறுநாளும் அப்படியே. நீங்கள் என்னைத் திட்டியதைக்கூட அந்த வழவழப்பான குரல்தான் திட்டியது. உங்களைப் புதைத்தபோது வராத பயம் அப்போது வந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் என் காதிலிருந்தும் நீங்கள் போய்விடுவீர்கள், அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும்.

தர்ஷினியைக் கூப்பிட்டுக் கேட்டேன், போனில் ஏன் நீங்கள் இருமுவதே இல்லை என்று.

"கேசட்ல இருமலும் மழைச் சத்தமுந்தான் அப்பாயி அதிகம். அதையெல்லாம் தொடச்சு எடுத்துட்டேன். இப்ப சுத்தமா இருக்கு."

"இருமலையுமா தொடச்ச?"

"அது குரல் இல்லையே அப்பாயி."

அவளை நான் கோபிக்கவில்லை. மறுநாளே கேசட்டையும், ஓடாமல் கிடந்த டேப் ரெக்கார்டரையும் பையில் போட்டுக்கொண்டு, மடுல்சீமை பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் பதுளைக்குப் போனேன். கடைவீதியில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் நானா ஒருவர் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆச்சி, போன் ஒடஞ்சு வாறவங்க மூஞ்சியெல்லாம் சாவு விழுந்த மையத்து வீட்டு மூஞ்சி. நீங்க என்னடான்னா பிள்ளயத் தூக்கிட்டு வந்த மாதிரி வாறீங்க."

வேறொரு பழைய மெஷினை அவிழ்த்து, அதன் பெல்ட்டை எடுத்து மாட்டினார். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"நாடா தேஞ்சு போச்சு ஆச்சி. ஒரு தடவ ஓடும். ரெண்டாந்தடவைக்கு நான் பொறுப்பில்ல."

நேற்று மத்தியானம் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு ஓடவிட்டேன். உள்ளே இருட்டாக இருந்ததால் டேப்பை வாசலுக்கு இழுத்து, நிலைக்கதவின் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். முதலில் தகரத்தில் மழை. பிறகு யாரோ ஒரு பெண், இளங்குரலில், "பேசுங்களேன், புள்ள காத்துக்கிட்டு இருப்பான்ல" என்கிறாள். நான்தான் அது. அதற்குப் பிறகு இருமல். அடித்தொண்டையிலிருந்து எழும்பி, இரண்டு தடவை இழுத்து, மூன்றாவதில் அடங்கும் உங்கள் இருமல். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

"என்னத்தப் பேசுறது. நல்லா இருக்கோம்னு நீயே சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

மழை. நீங்கள் மூச்சு விடுவது கேட்கிறது. பேசப்போகிறீர்கள் என்று நான் டேப்பின் மேல் குனிந்தேன். நீங்கள் மகனிடம் பேசவில்லை.

"யாரது, கதவுகிட்ட?"

"யாரும் இல்லீங்க. காத்து."

"இல்ல புள்ள. யாரோ ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க."

எனக்கு அந்த நாள் நினைவு வந்தது. அன்றைக்கு நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். வாசலில் பனிதான் நின்றது. வந்து உட்கார்ந்து உங்களை ஏசினேன், கேசட் வீணாகிறதே என்று.

நாடா கிறீச்சிட்டுச் சுருண்டது. அது நிற்பதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று, நேற்று அந்த நிலைக்கதவோரம் உட்கார்ந்து, சத்தமாகவே சொன்னேன்.

"நாந்தாங்க."

உங்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. டேப் நின்றுவிட்டது. ஆனால் நேற்றிலிருந்து கண்ணை மூடினால் இருமலோடுதான் வருகிறீர்கள். பேர் சொல்லாமல் கூப்பிடுகிறீர்கள். மறுபடியும் கேளுங்கள். நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.