நிறுத்தாமல் நகர்த்தினேன்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்ததும் நேரே போய்த் தூங்கி, உடம்பு தேறி இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, பல் கட்டும் பட்டறையில் மறுபடி நின்றுகொண்டே வேலை பார்க்கிறார். அக்கா தலைமையாசிரியை ஆகிவிட்டாள், வீட்டிலும் எங்களை வரிசையில் நிற்க வைக்காத குறைதான். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் முழுசும் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு டியூட்டி வந்துவிடும். அதனால் கேட்டுக்கொள், உன் அம்மா ஜெயித்துவிட்டாள்.

அம்மாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் சின்ன வயதில் நீ, "கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டர் வைக்கிறாங்க" என்று சொல்வாய். அதைவிடத் தெளிவாக என்னாலேயே சொல்ல முடிந்ததில்லை. ஒரு நிஜ இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகளைக் குடிவைக்கலாம், ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரம் என்றே நினைத்துக்கொண்டு வேலை செய்யும். அப்படி ஒன்றை, அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே, கொஞ்சமும் நிறுத்தாமல் தூரத்துக் கட்டடத்துக்கு நகர்த்த முடியுமா, அங்கே பெரிய இயந்திரம் இல்லாவிட்டாலும் பல சின்ன இயந்திரங்கள் கைகோத்து அதைத் தாங்குமா, இதுதான் இத்தனை வருடமாக என் தலையைத் தின்ற கேள்வி. எங்கள் கல்லூரி வகுப்பறைகளில் கழித்துப்போட்ட கணினிகளை எல்லாம் கேட்டு வாங்கி மூன்று கட்டடங்களில் வைத்திருந்தேனே, அதைப் பார்த்து எங்கள் துறைத் தலைவர் என் ஆய்வுக்கூடத்துக்குப் பழைய இரும்புக் கடை என்றே பேர் வைத்திருந்தார். கட்டுரை அனுப்பிய இடமெல்லாம், யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் யாருக்குத் தேவை என்று திருப்பி அனுப்பினார்கள்.

தேவைப்பட்டது போன செவ்வாய்க்கிழமை. ஆம்புலன்ஸ் கூப்பிடும் எண்ணுக்கு வருகிற அழைப்பையெல்லாம் எடுக்கும் மையம் நம் ஊரில் இருக்கிறதல்லவா, அங்கே ஒரு பொறியாளர், மீசைக்காரர் என்று நான் வீட்டில் சொல்வேனே அவர்தான், அவர் ஒருவர்தான் என்னை நம்பி, பரிசோதனைக்காக அவர்கள் இயந்திரத்துக்கும் என் கூடத்துக்கும் இணைப்பு கொடுத்திருந்தார். அன்றைக்கு மத்தியானம் நான் அழகு நிலையத்தில் தலைக்கு மை பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் கூப்பிடுகிறார். மாடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து, நிலவறையில் இருக்கும் இயந்திர அறைக்குள் தண்ணீர் இறங்குகிறது என்றார். மாற்று இயந்திரம் எங்கே என்று கேட்டேன், அதுவும் அதே அறையில் பக்கத்து அலமாரியில் இருக்கிறதாம். இதற்கென்றே கூட்டம் போட்டுத் தீர்மானித்திருப்பார்கள் போல. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அப்படியே ஆட்டோ பிடித்தேன்.

போய்ப் பார்த்தால் வெளியே நல்ல மழை, ஊரெல்லாம் விபத்து, அழைப்பு எடுக்கும் பெண்கள் மூச்சுவிட நேரமில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கீழே எலக்ட்ரீஷியன் கரண்ட் பெட்டிமேல் கை வைத்தபடி நிற்கிறார், "தண்ணி அந்த பிளக்கைத் தொட்டா நான் ஆஃப் பண்ணிடுவேன், யார் சொன்னாலும் கேக்கமாட்டேன்" என்கிறார். அவர் சொன்னது நியாயம், ஆள் செத்துப்போவான். மீசைக்காரருக்கோ முகமெல்லாம் வியர்வை. "மேடம், இதுவரைக்கும் லீவு லெட்டர் போடுற புரோகிராமைத்தானே நகர்த்திப் பாத்திருக்கோம்" என்றார். நான், லீவு லெட்டர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததல்லவா, ஆரம்பியுங்கள், பழி வந்தால் என் தலையில் வரட்டும் என்றேன்.

வரைபடம், வண்டிகள் நிற்கும் இடம், பழைய பதிவுகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய் என் இரும்புக் கடையில் உட்கார்ந்துகொண்டன. கடைசியில் நின்றது, அழைப்புகளையே கையில் வைத்திருக்கும் கணினி. அதன் நினைவில் இருப்பதை நாங்கள் அனுப்ப அனுப்ப, புது அழைப்புகள் வந்து அனுப்பியதையே மாற்றிக்கொண்டிருந்தன, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. ஒரே வழிதான் இருந்தது, நான் எழுதி எல்லாரும் திருப்பி அனுப்பிய அதே வழி. இப்போதே அந்தப் பக்கம் போய் ஓட ஆரம்பிக்கட்டும், மிச்சத்தைத் தேவைப்படும்போது இங்கிருந்து இழுத்துக்கொள்ளட்டும். ஆனால் முழுசும் போய்ச் சேர்வதற்குள் இணைப்போ கரண்டோ போனால் இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை, ஊருக்கே ஆம்புலன்ஸ் இல்லை. எனக்கு எதிரே ஒரு பெண், அப்பா விழுந்து கிடக்கிறார் என்று அழுத யாரோ ஒருவரிடம், "நெஞ்சுல அழுத்துங்க, விடாம அழுத்துங்க, நான் லைன்லதான் இருக்கேன், வண்டி கிளம்பிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலைக் கேட்டபடியே விசையைத் தட்டினேன்.

அவள் குரல் நிற்கவே இல்லை. கடைசித் துணுக்கும் போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தபோது, மீசைக்காரர் படியில் நின்று கீழே பார்த்து, "அண்ணே, இப்ப ஆஃப் பண்ணுங்க" என்று கத்தினார். நிலவறையே இருண்டது. மேலே ஒரு அழைப்பும் அறுபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, "எப்ப மேடம் மாத்தப் போறீங்க" என்று கேட்டாள். மாற்றியாகிவிட்டது என்றேன், நம்பாமல் சிரித்தாள். அதுதான் மகனே, எனக்குக் கிடைத்த பட்டம். விழுந்து கிடந்த அந்த அப்பாவும் பிழைத்துக்கொண்டார், போனில் அழுத அவர் பிள்ளை நேரிலேயே மையத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பத்திரிகையில் என் படம், தலையில் துண்டோடு. மை நேரம் தாண்டி ஊறியதில் முடி ஊதாவாகிவிட்டது, அக்கா பள்ளிக்கூடப் பக்கம் வராதே என்று கெஞ்சுகிறாள். துறைத் தலைவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து என் பழைய கணினி ஒன்றின்மேல் கை வைத்துக்கொண்டு, "தப்பா சொல்லிட்டேம்மா" என்றார், எனக்கு அது போதும். கட்டுரையும் ஏற்கப்பட்டுவிட்டது, பேச வரச்சொல்லி மூன்று ஊர்களிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். நான் நீ இருக்கும் ஊருக்குத்தான் வருகிறேன் என்று எழுதிவிட்டேன். நீ முன் வரிசையில் உட்கார வேண்டும், புரியாவிட்டாலும் தலையாட்ட வேண்டும், லீவை இப்போதே சொல்லி வை. கழுத்து வலி என்றாயே, உயரமான தலையணையைத் தூக்கிப் போடு.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும், உன் கை பட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்க வேண்டும். அப்பாவும் என்னோடு வருகிறார். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் சிரிக்காமல் இருக்கச் சொன்னார்களாம், இரண்டு தடவை முயன்றும் முடியவில்லையாம், நாளைக்கு மறுபடி வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆசியுடன்,
ஊதா முடி அம்மா