மேற்கே போன கல்கத்தா

1959, புரட்டாசி, வியாழன்.

வெளியே சொன்னால் வெட்கக்கேடு. நாலாம் பாரம் படிக்கும் மகள் செல்விக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று நேற்று இந்தியத் தேசப்படம் வரைந்து கொடுத்தேன். அச்சாபீஸில் அச்சுக்கல்லின் மேல் பட்டாசு லேபிளை இடவலம் மாற்றி வரைந்தே பழகிய கை அல்லவா? கல்கத்தா மேற்கே போய்விட்டது. இன்று வகுப்பே சிரித்ததாம். இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள்.

சாயங்காலம் டீச்சரம்மா வீட்டுக்குப் போய் நின்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “படத்தை அவளே போடட்டும். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும், கை மட்டும் வைக்க வேண்டாம்” என்றார்.

வீட்டுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு செல்வி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ராமேஸ்வரத்தை வளைக்கும்போது என் விரல் துடித்தது.

“யப்பா, பென்சிலத் தொட்டீகன்னா எந்திரிச்சிருவேன்.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படமும் நன்றாக வந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிறாளாம். பிள்ளையை எப்படித் தேற்றினேன் பார்த்தாயா என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

“நாளைக்கு அவளுக்குச் சரித்திரப் பரீட்ச, எப்படியும் போயிருப்பா. நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீகன்னுதான் படம் போட்டா” என்றாள்.