நெருக்கி ஊன்றிய பருத்தி

வடக்குத்து, நெய்வேலி
18.11.2014

மணிமொழி,

எனக்கு ஒரு குறையுமில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா?

பருத்தியில் இலை மூடிப் பூ உதிர்வதாக எழுதியிருந்தாய். குட்டை ரகத்துக்குச் சொன்ன நெருக்கத்தில் கிளை பரப்பும் ரகத்தை ஊன்றினால் உதிராதா? ஒன்றுவிட்டு ஒன்றைப் பிடுங்கு. பாவம் பார்த்தால் எதுவும் காய்க்காது.

இங்கே காண்ட்ராக்டிலும் ஆள் குறைத்தார்கள். வரிசையில் நிறுத்தி, ஒருவர்விட்டு ஒருவரிடம், "நீ வூட்டுக்குப் போய்யா" என்றார் மேஸ்திரி. அவர் நெருங்குமுன்பே எண்ணிவிட்டேன், விழப்போவது நான். பின்னால் வெயிலில் நின்ற உன் தம்பியை, "நெழலுக்கு வா மாப்ள" என்று என் இடத்தில் நிறுத்திவிட்டு, அவன் இடத்துக்குப் போனேன்.

இந்நேரம் வந்திருப்பான். செடி பிடுங்க வைத்துக்கொள், எதையும் சொல்லிவிடாதே. அறையில் பேச ஆளில்லை, பழைய ரேடியோவை அனுப்பு. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

பஸ் ஏறும்போதுகூட, "எனக்கு நெழல வுட்டுக்குடுத்துட்டு நீங்க வெயில்ல நின்னீங்களே மாமா" என்று கண் கலங்கினான்.

இளம்பரிதி