அறுபத்து மூன்று பேரும் ஆமென் சொல்லவில்லை

அக்காவுக்கு,

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி 42 நிமிடம். டயர் கடை மாடியிலுள்ள நம் ஜெப ஹாலில் அறுபத்து மூன்று பேர். சவுண்ட் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நான்தான் எண்ணினேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். நீ போனை எடுக்க மாட்டாய் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன். கிழிக்காமல் படி.

வருஷத்துக்கு ஒரு ஞாயிறு மோசே சொன்ன ஆசீர்வாதங்களையும் சாபங்களையும் வரிசையாக வாசிப்பதும், ஒவ்வொன்றுக்கும் சபை ஆமென் சொல்வதும் உனக்குத் தெரியாததா? சபையின் மூப்பர் என்ற முறையில் வாசிப்பது அப்பா. ஆறு வருஷத்துக்கு முன் நீ அப்பாவை மீறி அத்தானை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் பண்ணி, அந்த வாசிப்பு ஞாயிறன்று அவரோடு கதவருகே வந்து நின்றாய். கர்ப்பத்தின் கனிக்கு, அதாவது வயிற்றுப் பிள்ளைக்கு, வரும் சாபத்தில் அப்பா நிறுத்தி, இது என் மகளுக்கு என்றார். சபை ஆமென் சொன்னது. நானும் சொன்னேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று அவர் கைகாட்டியபோது மைக் சத்தத்தை ஏற்றியதும் நான்தான். எனக்கு அப்போது பதினேழு வயது என்பதெல்லாம் சாக்கு.

போன மாதம் அம்மாவுக்கு எழுதியிருந்தாயே, இரண்டு பிள்ளை தங்கவில்லை, இதுவும் தங்காது, அப்பா வாயிலிருந்து வந்தது சும்மா போகாது, ஏழாம் மாதமாகியும் ஒரு துணிகூட வாங்கவில்லை, செக்கப்புக்குப் போகக் கால் வரவில்லை என்று. அம்மா அதை அப்பாவின் தையல் மெஷினுக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்தாள். முடித்துவிட்டு, கேட்டுக்கிட்டீங்களா, உங்க வாசிப்பு நல்லாவே வேலை செய்யுது என்றாள். மெஷினிலிருந்து காலை எடுத்தவர் இரண்டு நாள் திரும்ப வைக்கவில்லை.

ஆறு வருஷமாக அந்த ஞாயிறு மட்டும் அம்மாவுக்குத் தலைவலி வரும். இந்தத் தடவை சனிக்கிழமை ராத்திரி, நாளைக்கு வா என்று அப்பா கூப்பிட்டாராம். வந்தாள்.

ஆசீர்வாதங்களை வாசித்தார். சாபத்தில் அதே இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். இதை என் மகள் மேல் போட்டேன், அது என் கோபம், கடவுள் பெயரை அதற்குக் கடன் வாங்கினேன், இன்றைக்கு எல்லார் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், யாரும் ஆமென் சொல்லாதீங்க என்றார். அறுபத்து மூன்று பேர், ஒரு சத்தமில்லை. ஃபேன் சத்தம் மட்டும் மைக்கில் கேட்டது.

டயர் கடைக்காரர் சும்மா இருப்பாரா? அப்போ சாபமெல்லாம் வேதத்தில் இல்லையா மூப்பரே என்றார். அப்பா, எல்லாம் இருக்கு, ஆனா மொத்தமும் சிலுவையில் ஒருத்தர் மேல விழுந்து முடிஞ்சுபோச்சு, அதை மறுபடி பொறுக்கி எடுத்து என் பிள்ளை மேல வீச நான் யாரு என்றார். ஆசீர்வாதமும் நாம சம்பாதிச்சது இல்ல, சும்மா கிடைச்சது என்றார். போதகர் கடிகாரத்தைப் பார்த்து, வாசிப்பை முடியுங்க என்றார். முடிச்சாச்சு ஐயா என்று இறங்கி வந்தார். அம்மா மட்டும், இதுக்கு ஆறு வருஷமா என்று கேட்டாள். அந்த அமைதியில் அது மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போயிற்று. சபையே சிரித்தது, அப்பாவும்தான்.

தைத்த சட்டை தோளில் பிடித்தால், உங்க தோள்தான் சரியில்லை என்று வாடிக்கையாளரிடமே சொல்லும் மனுஷன் அக்கா அவர். அவர் தப்பென்று ஒத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இவர் மகன் நான் என்று ஊருக்கே கத்தவேண்டும் போல இருந்தது.

இனி உன் விஷயம். நான் லிஃப்ட் ரிப்பேர்க்காரன். லிஃப்ட் நின்றால் மோட்டாரைப் பார்ப்பேன், ஒயரைப் பார்ப்பேன். யார் அதைத் திட்டினார்கள் என்று விசாரிக்க மாட்டேன். அத்தான் உன் ரிப்போர்ட்டை அனுப்பினார். தைராய்டு. அதில் சாபம் என்று ஒரு வரிகூட இல்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறாய். அதற்கு அப்பாவும் பொறுப்பில்லை, மோசேயும் பொறுப்பில்லை.

நான் செய்யப் போவது:

1. நாளைக் காலை உன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வியாழக்கிழமை செக்கப்புக்கு உன் பெயரைப் பதிவேன். அத்தான் லீவு போட்டாயிற்று. வரமாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை கிடையாது.

2. அதற்கடுத்த புதன், பகல் ரயில். அப்பா, அம்மா, நான். டிக்கெட் எடுத்தாயிற்று.

3. அப்பா வீட்டுக்குள் வர மாட்டாராம். தெருமுனையில் நிற்கிறேன், அவளா கூப்பிட்டால் வருகிறேன் என்கிறார். முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது. தகவலுக்காகச் சொல்கிறேன்.

4. முதலில் அத்தானிடம் அப்பா பேசுவார். நான் பக்கத்தில் நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன்.

5. அப்புறம் என் முறை. அன்று ஆமென் சொன்னதற்கும் மைக்கை ஏற்றினதற்கும் நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. இங்கே மூன்று தரம் எழுதி அடித்துவிட்டேன், நேரில்தான் சொல்ல வேண்டும். அதுவரை மாத்திரையை வேளைக்குப் போடு. நீயும் உன் பிள்ளையும் நல்லா இருப்பீங்க, அக்கா.

தம்பி