பானட்டுக்குள் புகையிலை

கார்த்திகை 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். குளிர். வயலெல்லாம் தண்ணீர். எழுதப் படிக்கக் கற்று நாலு மாசம்தான். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும், எனக்கு என்ன அவசரம்.

மகள் தேவி, கார் ஓட்டிக்கொண்டு மாமல்லபுரம் ஓட்டல் வேலைக்குப் போகிறவள். தினமும் இருட்டில் புறப்பாடு. நேற்று திருக்கழுக்குன்றம் தாண்டிப் பெருமழை. வைப்பர் நின்றுவிட்டது. எதிரே பஸ். தெய்வம்தான் காரை ஒதுக்கியது. வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

கார்த்திகை 5

படாளம் மெக்கானிக் வந்து பானட்டைத் தூக்கினான். எஞ்சின் பக்கத்தில் எலிக்கூடு. வைக்கோல், காணாமல் போன என் கைக்குட்டை.

"இன்னா பெருசு, எலிக்கு வூடு கட்டி வாடகைக்கு வுட்டுகினு கீறியா?"

வயலில் தண்ணீர் ஏறினால் எலி காரில் ஏறுமாம். வைப்பர் ஒயரைக் கடித்திருக்கிறது. மாற்றினான். பிறகு பார்த்தது: டயர், பிரேக், லைட்டு, பேட்டரி. எல்லாம் சரி.

"புகையிலையக் கட்டித் தொங்க வுடு. அந்த நெடிக்கு எலி வராது."

ஒரு கட்டு வாங்கி வந்து நானே கட்டினேன். என் சம்சாரம் கன்னியம்மாவுக்கு டாக்டர் புகையிலையை நிறுத்திவிட்டார். அவளுக்கு ஆத்திரம். "காருக்கு வாங்கித் தர்ற. கட்னவளுக்குக் கெடையாது."

கார்த்திகை 9

அடைமழை. தே. வரும்வரை வாசலிலேயே நின்றேன். (தேவியை இனி தே. என்று போடுகிறேன். கைக்கு வேலை மிச்சம்.) வைப்பர் ஓடியதாம். எலி இல்லை. ஆனால் புகையிலை பாதிதான் இருக்கிறது.

மெக்கானிக்குக்குப் போன். "எலி புகையிலையே துன்னுதுப்பா."

"அப்பிடியா? கூட சுண்ணாம்பும் வெச்சுடு."

ஒரே பேஜாரு. புதுக் கட்டு வாங்கினேன்.

கார்த்திகை 12

தே.க்கு லீவு, தூங்குகிறாள். வெளியே டொக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் பானட் தூக்கி நிற்கிறது. உள்ளே தலையை விட்டபடி கன்னியம்மா. கன்னம் உப்பியிருக்கிறது. இவளுக்கு பானட் திறக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"இன்னாமே இது?"

"யோவ், கத்தாத. எலி உன் பொகையிலைக்கா ஓடிச்சு? நான் டெய்லி ரெண்டு வாட்டி தொறந்து டமால்னு மூடறேன். எந்த எலி அங்க குந்தும்?"

மெக்கானிக்கைக் கேட்டேன். சிரித்தான். "ஆயா சொல்றது கரீட்டு. தெனம் தொறந்து மூடுனா எலி அண்டாது."

புகையிலை முழுவதும் குப்பைக்குப் போனது. அந்துருண்டை கட்டினேன். புகையிலைக்குப் பதிலாக அவளுக்குச் சோம்பு வாங்கிக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

கார்த்திகை 13

இடி, மழை. கரண்ட் இல்லை. காலையில் தே. போன். "வந்து சேந்துட்டேன்பா. வைப்பர் சூப்பரா ஓடுது." அப்பாடா. இரண்டு டீ குடித்தேன்.

சாயந்தரம் கார் வந்து நின்றது. தே. நனையாமல் உள்ளே ஓடினாள். கன்னியம்மா சோம்பை மென்றுகொண்டு, கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். எங்கே என்று கேட்டேன். நேராகக் கார்ப் பக்கம் போனாள்.

டமால்.